எட்டாம் மாதத்தில் மரத்துப்போன கைகள்: முக்கூடல் வட்டாரத்துப் பீடித் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் உள்ள ஒரு கிராமத்தில் நடந்த நிகழ்வு இது. நான் அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை தருபவள். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, பக்கவாதம் வந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் என்றுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கக் கூப்பிடுவது குறைவு. இந்த முறை கூப்பிட்டவர் கிராம சுகாதார செவிலியர். குடும்பத்தின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வயது 26. இரண்டாவது கர்ப்பம். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது, சுகப்பிரசவம். கணவர் கேரளாவில் கட்டட வேலை. வீட்டில் மாமியார், கல்யாணம் ஆகாத நாத்தனார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பீடி சுற்றுகிறார். பீடிக் கம்பெனியில் கணக்கு வைக்கும் பாஸ் அவர் பேரில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அந்தப் பாஸ் என்ன என்பது வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. கணக்குப்படி பீடி கொடுக்காமல் போனால் இலையும் தூளும் கிடைப்பது குறையும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இடைவெளி விழும், மறுபடி சேர்வது பாடு. மகளிர் குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை வேறு. ஓய்வெடு என்று யார் சொன்னாலும், இதையெல்லாம் தாண்டித்தான் அந்தச் சொல் அவர் காதில் விழும்.

கர்ப்பப் பரிசோதனைகளில் பெரிய குறை எதுவும் இல்லை. சர்க்கரைப் பரிசோதனை சரி. முதல் மூன்று மாதத்தில் பார்த்த தைராய்டும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.6. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

தொந்தரவு தொடங்கிய விதம்

பங்குனி நடுவில், 31ஆம் வாரத்தில், இரவில் கை மரத்துப்போவது தொடங்கியது. முதலில் வலது கை, ஒரு வாரம் கழித்து இடது கையும். "ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுது மேடம். கை கட்டையா கெடக்கு. எந்திரிச்சி உக்காந்து உதறுனாத்தான் உசிரு வருது. திரும்பப் படுத்தா மறுபடி அதே கததான்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். காலையில் விரல் மடங்காது. பத்து நிமிடம் கழித்துத்தான் பல் துலக்கவே முடியும்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாய்வு என்றார்கள். ரத்தம் பத்தவில்லை என்றார்கள். மாமியார், "எனக்கும் மூத்தவன் வயித்துல கெடக்கும்போது இப்படித்தான் இருந்துச்சு. பெத்தப்புறம் தானா போயிட்டு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது குறைந்துவிடும். ஆனால் அந்த நம்பிக்கையால் யாரும் இதைச் செவிலியரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மூன்று காரியங்கள் நடந்தன.

மாத்திரைச் சூட்டினால்தான் கை இப்படி ஆகிறது என்று நினைத்து இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்துக் கடையில் கைவலி என்று சொல்லி, டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டார். கர்ப்பிணி என்று கடையில் சொல்லவில்லை, வாங்கப் போனது நாத்தனார். மூன்றாவது, ராத்திரி படுக்கும் முன் கையைச் சுடுதண்ணீரில் முக்கி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இவை வெளியே வந்தது ஒரு கொப்புளத்தால். சோறு வடிக்கும்போது கஞ்சி பட்டு வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. பட்டதே அவருக்குத் தெரியவில்லை. 33ஆம் வாரப் பரிசோதனைக்கு வந்தபோது செவிலியர் அந்த விரலைப் பார்த்து, "சுட்டது எப்படித் தெரியாமப் போச்சு?" என்று விடாமல் கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் மூன்று வாரத்துக் கதையும் வந்தது.

பார்த்தவை

செவிலியர் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்த்தார்: 118/76. சிறுநீரில் புரதம் இல்லை. கணுக்காலிலும் விரல்களிலும் வீக்கம் இருந்தது, முகத்தில் இல்லை. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எதுவும் இல்லை. இதை முதலில் பார்த்தது மிகச் சரி. எட்டாம் மாதத்தில் கை வீங்கி மரக்கிறது என்று ஒருவர் வந்தால், நரம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் கர்ப்பகால ரத்தக் கொதிப்பு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மரப்பு உயிரை எடுக்காது, கொதிப்பு எடுக்கும்.

இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனேன். எந்த விரல் என்று கேட்டேன். "எல்லா வெரலுந்தான்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பேனாவைக் கொடுத்து, மரத்துப்போகும் இடத்தை மட்டும் கையிலேயே குறிக்கச் சொன்னேன். யோசித்து யோசித்துக் குறித்தார்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி. சுண்டுவிரலில் கோடு இல்லை. உள்ளங்கை நடுவிலும் இல்லை.

அந்தப் படமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் கெட்டியான நாருக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள்தான் போக வேண்டும். சின்ன மதகு மாதிரி, சுவர் விரியாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் சேரும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, மெத்தென்று இருக்கிற நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பு உணர்வு தருவது அவர் குறித்த அதே மூன்றரை விரல்களுக்கு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. உள்ளங்கைத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து பாதைக்கு வெளியே போய்விடுவதால் அந்த இடமும் தப்பிக்கிறது. மருத்துவர்கள் இதைக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்பார்கள்.

இரண்டு மணிக்கட்டையும் கீழ்நோக்கி மடக்கி, புறங்கையோடு புறங்கை சேர்த்து வைத்திருக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் வரை பார்ப்பது வழக்கம். இருபது நொடியிலேயே வலது கை சுருசுருவென்று வந்துவிட்டது என்றார். வலது மணிக்கட்டின் மேல் விரலால் தட்டியபோது நடுவிரல் நுனிவரை மின்சாரம் ஓடுவது போல் இருந்தது. இடது கையில் தட்டினால் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அடியில் உள்ள சதை மெலியவில்லை. ஆனால் வலது கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கும் பலம் கொஞ்சம் குறைந்திருந்தது. சேலைக்கு ஊக்கு குத்த முடியவில்லை, தம்ளர் இரண்டு முறை நழுவியது என்றும் சொன்னார்.

கழுத்தைத் திருப்பும்போது கைக்கு வலி இறங்கவில்லை. பாதத்தில் மரப்பு இல்லை. இருந்திருந்தால் பி12 குறைபாட்டையும் யோசித்திருப்போம். வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல் இழுத்துக்கொள்வது போன்ற கால்சியம் குறைவின் அடையாளங்களும் இல்லை. திடீரென்று ஒரு பக்கம் முழுக்க மரத்து முகமும் கோணினால் அது வேறு கதை, 108க்குத்தான் கூப்பிட வேண்டும். இவருக்கு வந்தது அப்படி இல்லை.

வேலை செய்யும் விதத்தைப் பார்த்தது

நோயின் பெயர் தெரிந்ததும் கிளம்பியிருக்கலாம். ஆனால் இந்த ஊர்ப்பக்கம் கையைப் பற்றி ஒரு முடிவு எடுக்க, பீடி சுற்றுவதைப் பார்க்காமல் முடியாது. கொஞ்சம் சுற்றிக் காட்டச் சொன்னேன்.

ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவு பார்த்து வெட்டுவது, தூளைப் பரப்பிச் சுருட்டுவது, நூல் கட்டுவது, நுனி மடக்குவது, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு போடுவது. இதில் ஒவ்வொன்றும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருக்கிப் பிடிக்கிற வேலை. கத்தரி அதிலும் மோசம், ஒரே நேரத்தில் மணிக்கட்டு வளையவும் வேண்டும், விரல் அழுத்தவும் வேண்டும். அவர் வெட்டும்போதுதான் பகலில் மரக்கிறது, சுருட்டும்போது அவ்வளவு இல்லை என்றார். அவரே அதுவரை கவனிக்காத விஷயம் அது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துத்தான் எல்லோரும் சுற்றுவார்கள். எட்டாம் மாத வயிறு முன்னால் நிற்கும்போது சுளவு முழங்காலுக்குப் போய்விடுகிறது. கை நீண்டு, மணிக்கட்டு வழக்கத்தைவிட இன்னும் அதிகமாக உள்ளே மடங்குகிறது. கர்ப்பத்தால் நீர் சேர்வது ஒரு பக்கம் என்றால், வயிறு வேலையின் கோணத்தையே மாற்றுவது இன்னொரு பக்கம். இதை நான் படித்த பாடத்தில் யாரும் சொன்னதில்லை.

படுக்கும் விதத்தையும் கேட்டேன். இடது பக்கம் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியே படுக்கிறார். இடது கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். தூக்கம் வராதபோது வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு கணவரோடு பேசுகிறார். இரண்டு கையும் ராத்திரி முழுக்க மடங்கியபடிதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், செவிலியர், நான் மூவரும் பேசி முடிவெடுத்தோம்.

மருந்தைப் பொறுத்தவரை முதலில் நிறுத்தியவைதான் அதிகம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரை இருபது வாரத்துக்கு மேல் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயையே முன்கூட்டி மூடவைக்கலாம். தாங்க முடியாவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும். பனிக்குட நீரை ஸ்கேனில் பார்த்தார்கள், சரியாக இருந்தது. நீர் இறங்க மாத்திரை கொடுக்கலாமே என்று மாமியார் கேட்டார். கர்ப்ப வீக்கத்துக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். உப்பை அடியோடு நிறுத்தவும் சொல்லவில்லை. இரும்புச் சத்து மாத்திரையை மறுபடி தொடங்கினார். மரப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவர் குறித்த அதே கைப்படத்தை வைத்துச் சொன்னேன். மாத்திரைச் சூடு என்றால் சுண்டுவிரலை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது.

மணிக்கட்டில் ஊசி போடுவது பற்றியும் பேசினோம். ஸ்டீராய்டு ஊசி கர்ப்பத்திலும் தேவைப்பட்டால் போடுவதுண்டு. இவருக்குப் பலக்குறைவு லேசானது, பிரசவத்துக்குச் சில வாரமே இருக்கிறது, முதலில் மணிக்கட்டை நேராக வைக்கும் கட்டுப்பட்டையைப் போட்டுப் பார்ப்போம் என்று மருத்துவர் முடிவு செய்தார். கட்டைவிரல் பலம் இன்னும் குறைந்தாலோ, பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவது என்று எழுதி வைத்தோம்.

முக்கியமான சிகிச்சை இரவில் மணிக்கட்டை நேராக வைப்பது. மணிக்கட்டு மடங்கினாலும் பின்னால் வளைந்தாலும் அந்தப் பாதைக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும். நேராக இருந்தால்தான் மிகக் குறைவு. மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பட்டையில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருக்கும் உலோகத் தகடு பெரும்பாலும் கையைப் பின்னுக்கு வளைத்துத்தான் வைத்திருக்கும். தகட்டை உருவி எடுத்து நேராக நிமிர்த்தி, மறுபடி செருகிக் கொடுத்தேன். இதைச் செய்யாமல் 'பட்டை போட்டேன், பலனில்லை' என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலது கைக்கு வாங்கியது, இடது கைக்கு மெல்லிய மரப்பத்தையைத் துணியில் சுற்றி கிரேப் பேண்டேஜால் தளர்வாகக் கட்டப் பழக்கினேன். விரல் நுனி நிறம் மாறக் கூடாது, விரல் முழுதாக மடங்கி நிமிர வேண்டும் என்பது கட்டின் அளவு.

படுக்கும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை, அதன் மேல் இரண்டு கையும் நீட்டி. போனைப் படுக்கையில் பிடிக்காமல் தலையணையில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் பேசுவது. பகலில் விரலை நீட்டி, கொக்கி போல் வளைத்து, முழுதாக மூடி, மறுபடி நீட்டும் ஒரு சின்னப் பயிற்சி. இந்தப் பயிற்சியால் பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன், கெடுதல் இல்லை. சுடுதண்ணீர் முக்குவதை நிறுத்தினோம். உணர்வு குறைந்த விரலுக்குச் சூடு தெரியாது. கஞ்சி வடிப்பது, எண்ணெய்ச் சட்டி இறக்குவது நாத்தனார் வேலை ஆனது.

பீடியைப் பற்றிய முடிவுதான் கடினம். கையை மட்டும் நினைத்தால் கத்தரி வேலையைக் குறைத்தாலே போதும். ஆனால் புகையிலைத் தூள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் சேர்கிறது, கர்ப்பிணி அதைத் தொடாமலிருப்பதே நல்லது. செவிலியர் முழுதாக நிறுத்தச் சொன்னார். மாமியார் முகம் சுருங்கியது. அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, தவணைப் புத்தகம் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. கடைசியில் வழி சொன்னதும் அவர்தான்: "நானும் மகளுமா கூடக் கொஞ்சம் சுத்தி, இவ பாஸ்ல போட்டுருதோம். பாஸ் நிக்காது, பிள்ளையும் நல்லாருக்கும்." மறு வாரத்திலிருந்து அந்தப் பெண் சுளவைத் தொடவில்லை.

வளையல்

இதற்குத் தனியாகத் தலைப்பு கொடுப்பது காரணத்தோடுதான். ஒன்பதாம் மாத வளைகாப்பு சித்திரையில் குறித்திருந்தார்கள். வீங்கிய மணிக்கட்டில் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் அவர் தாய்வீட்டு ஆச்சியைப் பார்த்த பிறகுதான் பிரச்சினையின் கனம் புரிந்தது. பிரசவம்வரை கை மூளியாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

வளையலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பட்டையும் சேர்ந்து போயிருக்கும். வழக்கமாக அவர் போடும் 2.4 அளவுக்குப் பதில் 2.8 வாங்கச் சொன்னேன். விழாவில் எல்லோரும் போடட்டும், மறுநாள் கைக்கு இரண்டு மட்டும் மிச்சம் வைக்கலாம், ராத்திரி அதையும் கழற்றிச் சாமி படத்தின் முன் வைக்கலாம். மூளியாக இருக்கக் கூடாது என்பதற்காக ஆச்சியே ஒரு மஞ்சள் கயிற்றை மேல்கையில் தளர்வாகக் கட்டிவிட்டார். மோதிரத்தையும் சோப்புத் தண்ணீர் போட்டு அன்றைக்கே கழற்றினோம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

தொடர்ந்து நடந்தது

முதல் சில இரவுகள் பட்டையைப் பாதித் தூக்கத்தில் கழற்றி எறிந்தார். சித்திரை வெயில், மின்விசிறிக் காற்றே சூடு. உள்ளே வேர்த்துத் தோல் அரித்தது. பழைய பருத்திக் காலுறையின் முனையை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு உள்ளே மாட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு கழற்றவில்லை. ஒரு வாரத்தில் ராத்திரிக்கு ஒரு முறைதான் விழித்தார். தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன் என்று போனில் சொன்னபோது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. இடது கை நன்றாகத் தெளிந்தது. வலது கையில் காலை மரப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை.

வளைகாப்பு முடிந்து களக்காடு பக்கம் உள்ள தாய்வீட்டுக்குப் போனார். அங்கே வேறு செவிலியர், வேறு சுகாதார நிலையம். தாய்வீட்டில் பட்டையை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நாலைந்து நாள் போடாமல் விட்டதில் மரப்பு திரும்பியது. எங்கள் செவிலியர் அங்குள்ள செவிலியரைப் போனில் கூப்பிட்டு விவரம் சொன்ன பிறகு மறுபடி போடத் தொடங்கினார்.

37 வாரம் நிறைந்ததும் ஒரு காலை. இரண்டு கையும் ஒரே ராத்திரியில் மிகவும் மோசமாகி, கண் இமை வீங்கி, தலை வலித்தது. இது பழைய மரப்புதானே என்று அவர் அம்மா சொல்லியிருக்கிறார். மரப்பு திடீரென்று கூடி, முகமும் வீங்கினால், அதோடு தலைவலியும் சேர்ந்தால், பட்டையைத் தேடாதே, ரத்த அழுத்தம் பார்க்கப் போ என்று செவிலியர் கர்ப்பகால அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டி ஆட்டோவில் போனார். அழுத்தம் 144/94. அங்கிருந்து 108ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் அழுத்தம் இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தப் பரிசோதனைகள் சரி. 37 வாரம் நிறைந்துவிட்டதால் வலி வரவைத்துப் பிரசவம் பார்ப்பதே நல்லது என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். மறுநாள் சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.7 கிலோ. குளுக்கோஸ் ஊசியை மணிக்கட்டில் குத்தாமல் முன்கையில் குத்தும்படி அவரே கேட்டு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் இரண்டு வாரத்துக்குள் இறங்கியது. நீர் வடிந்ததும் இடது கை முழுதாகத் தெளிந்தது. வலது கை அப்படி இல்லை. தாய்ப்பால் கொடுக்கும்போது குழந்தையின் தலையை வலது உள்ளங்கையில் தாங்கி, மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பால் கொடுக்கும் தாய்க்கு அது எத்தனை மணி நேரம்! மடியில் தலையணை போட்டுக் குழந்தையின் பாரத்தை அதில் இறக்கி, கை சும்மா அணைக்க மட்டும் செய்யப் பழக்கினேன். ராத்திரி ஒருக்களித்துப் படுத்தபடி கொடுத்தார். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி என்று ஒரு முறை சொன்னார். பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கும்போது கட்டைவிரலை அகல விரிப்பதால் அங்கே ஓடும் தசைநாண் புண்படுவது அது. மரப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூக்கும் விதத்தை மாற்றியதும் அடங்கியது.

ஆறாவது வாரம் வலது நடுவிரல் நுனியில் மட்டும் மந்தம். ஊக்கு குத்த முடிந்தது. மூன்றாம் மாதம் கட்டைவிரல் பலம் சமமாகிவிட்டது. அதுவரை தெளியாவிட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்புவதாக இருந்தோம், தேவைப்படவில்லை. ஐந்தாம் மாதம் மறுபடி சுற்ற உட்கார்ந்தார். இலை வெட்டுவதை நாத்தனார் எடுத்துக்கொண்டார், இவர் சுற்றுவது மட்டும். சுளவுக்கு அடியில் ஒரு மணை வைத்து உயர்த்திக்கொள்கிறார். சுற்றி முடித்ததும் கை கழுவி, சேலை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குகிறார், தூள் குழந்தை இருக்கும் அறைக்குள் வருவதில்லை. ஒரு கல்யாண வாரத்தில் நாத்தனார் ஊரில் இல்லாமல் இவரே இலை வெட்டியபோது மூன்று நாள் நடுவிரல் சுருசுருத்தது, நிறுத்தியதும் போய்விட்டது. அந்த மணிக்கட்டு இனிமேலும் கவனிக்க வேண்டிய மணிக்கட்டுதான். அடுத்த கர்ப்பம் வந்தால் மறுபடி வரலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி மாற்றிச் செய்வது

ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே கையைப் பற்றிக் கேட்பது என்று எங்கள் வட்டாரத்தில் முடிவு செய்திருக்கிறோம். 'கை மரக்குதா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். 'ராத்திரி கையை உதற எந்திரிக்கிறீங்களா?' என்று கேட்டால் உண்மை வருகிறது. ஆமாம் என்றால் பேனாவைக் கொடுத்துக் குறிக்கச் சொல்வது. அந்தப் பதிலோடு, மாத்திரை எதையாவது நிறுத்தினீர்களா, கடையில் எதையாவது வாங்கினீர்களா என்பதையும் கேட்பது.

வளைகாப்புத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வதும் இப்போது செவிலியரின் வழக்கம். வளையல் அளவைச் சொல்வதற்கு மட்டுமல்ல. அதற்கு மறுநாள் அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்பதால், போகும் ஊர்ச் செவிலியருக்கு முன்கூட்டியே போன் செய்ய அந்தத் தேதி உதவுகிறது. இந்த நிகழ்வில் பட்டை விட்டுப்போன நாலைந்து நாளும் அந்த இடைவெளியில்தான் போனது. எங்கள் அட்டைக் குறிப்பு கையில் இல்லாமல் அவர் 37ஆம் வாரத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதைக்கிறது.

தகடு நிமிர்த்திய பட்டை சிலவற்றைச் சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறோம். பிரசவம் முடிந்து கை தெளிந்தவர்கள் துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அடுத்தவருக்குப் போகிறது. பீடி சுற்றும் கர்ப்பிணிகள் வீட்டில் மாமியாரையும் உட்கார வைத்துப் பாஸ் பற்றியே பேச்சைத் தொடங்குகிறோம், கையைப் பற்றி அதற்குப் பிறகுதான். எல்லா வீட்டிலும் இந்த வீட்டைப் போல் மாற்றிச் சுற்ற ஆள் இருப்பதில்லை. அப்படிப்பட்ட மூன்று வீடுகள் இப்போது எங்கள் பட்டியலில் இருக்கின்றன. அங்கே கத்தரி வேலையைப் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று குழுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள்.